யார் பார்த்தது, எங்கே, எத்தனை மணிக்கு: தெருக் குழு ஒன்றின் அட்மினாகப் பத்து ஆண்டுகள்

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு ஒன்பதரை மணி இருக்கும். என் கைப்பேசிக்கு வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி வந்தது. செம்பரம்பாக்கம் ஏரி உடைந்துவிட்டது, இரண்டு மணி நேரத்தில் முடிச்சூர், வரதராஜபுரம், பெருங்களத்தூர் எல்லாம் மூழ்கிவிடும், உடனே வெளியேறுங்கள், தெரிந்தவர்கள் அனைவருக்கும் பகிருங்கள் என்று எழுதியிருந்தது. அனுப்பியவர் என் மைத்துனர். அவருக்கு அனுப்பியவர் அவருடைய அலுவலக நண்பர். அந்த நண்பருக்கு யார் அனுப்பினார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. சென்னையில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்துக்கென்று ஒரு குழு இருந்தது. நான்தான் அதன் அட்மின். அந்தச் செய்தியைக் குழுவில் போட்டேன். மேலே என் சொந்த வரி ஒன்றையும் சேர்த்தேன்: "உண்மையா தெரியவில்லை, வந்ததை அப்படியே அனுப்புகிறேன், எதற்கும் எச்சரிக்கையாக இருங்கள்." அந்த ஒரு வரி என்னைப் பொறுப்பிலிருந்து விடுவித்துவிடும் என்று அப்போது நம்பினேன்.

பக்கத்துத் தெருவில் முதல் மாடியில் குடியிருந்த ஒரு குடும்பம் அதைப் படித்துவிட்டு, எழுபது வயதைக் கடந்த தாயாரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு இருட்டில் கீழே இறங்கியது. மின்சாரம் இல்லை. தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். மழைநீர் வடிகாலின் மேல் போட்டிருந்த கான்கிரீட் பலகைகளில் ஒன்று விலகிக் கிடந்தது எவர் கண்ணுக்கும் தெரியவில்லை. அந்த அம்மாவின் கால் அந்தப் பள்ளத்தில் இறங்கியது, இடுப்பெலும்பு முறிந்தது. மறுநாள் பிற்பகலில் ஒரு டிராக்டரில் ஏற்றித்தான் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடிந்தது. அவர்கள் விட்டுவிட்டு இறங்கிய மாடி வீட்டுக்குள் கடைசிவரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஏறவில்லை.

ஒரு வாரம் கழித்து அவரைப் பார்க்கப் போனேன். வாசலில் நின்றுகொண்டிருந்த மகன் கோபப்படவில்லை. "சார், நீங்க போட்டதால நம்பிட்டேன். வேற யாராவது போட்டிருந்தா கொஞ்சம் யோசிச்சிருப்பேன்" என்றார். உண்மையா தெரியவில்லை என்று மேலேயே எழுதியிருந்தேனே என்ற பதில் நாக்கின் நுனிவரை வந்து நின்றது. அவர் அந்த வரியைப் படிக்கவே இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. வெள்ளம் சூழ்ந்த இரவில் கையில் ஒளிரும் திரையைப் பார்க்கிறவர் அனுப்பியவரின் பெயரைப் பார்க்கிறார், 'ஏரி உடைந்துவிட்டது' என்ற சொற்களைப் பார்க்கிறார்; நடுவில் இருக்கும் சாக்குப்போக்கு அவர் கண்ணில் படுவதில்லை.

செம்பரம்பாக்கம் ஏரி உடையவில்லை. அங்கிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டதும், மணப்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பகுதிகளில் அடையாறு கரைபுரண்டு வீடுகளுக்குள் புகுந்ததும் உண்மை. ஆனால் அந்த ஏரியின் உபரி நீர் திருநீர்மலைக்கு அருகில்தான் அடையாற்றில் வந்து சேர்கிறது. முடிச்சூர் அதற்கு மேலே, ஆற்றின் தொடக்கப் பகுதியில் இருக்கிறது. எங்களை மூழ்கடித்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த வெள்ளமும், தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் கொட்டித் தீர்த்த 49 சென்டிமீட்டர் மழையும்தான். செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் எங்கள் தெருவுக்கு வர வழியே இல்லை. இருபது ஆண்டுகளாக அந்த ஊரில் குடியிருந்தவனுக்கு, வார விடுமுறையில் அந்த ஆற்றங்கரையில் நடைப்பயிற்சி போனவனுக்கு, இது தெரிந்திருக்க வேண்டும். தெரியும்தான், அந்த நேரத்தில் நினைத்துப் பார்க்கவில்லை.

அதே வாரத்தில் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றும், சென்னைக்கு 250 சென்டிமீட்டர் மழை வரப்போவதாக நாசா எச்சரித்திருக்கிறது என்றும் செய்திகள் சுற்றின. இரண்டும் பொய். அதே வாரத்தில்தான் ஃபேஸ்புக்கில் 'நான் பத்திரமாக இருக்கிறேன்' என்று ஒரு பொத்தானை அழுத்தி வெளியூரில் தவித்த உறவினர்களுக்குத் தெரியப்படுத்தியவர்களும், எந்தத் தெருவில் எத்தனை பேர் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று ட்விட்டரில் வந்த செய்திகளை உட்கார்ந்து பட்டியலிட்டுப் படகுக்காரர்களுக்குச் சேர்த்த இளைஞர்களும் இருந்தார்கள். எங்கள் குழுவிலேயே மூன்றாம் தேதி முதல் வந்தவை வேறு வகைச் செய்திகள். "நாலாவது குறுக்குத் தெரு, மூலை வீட்டு மாடி, சர்க்கரை நோயாளி ஒருவர், இன்சுலின் இன்று மாலையோடு தீர்கிறது, காலை 11.10" என்று ஒரு பெண்மணி எழுதியிருந்தார். ஒன்றரை மணி நேரத்தில் மருந்து போய்ச் சேர்ந்துவிட்டது. என்னுடைய செய்தியையும் அவருடைய செய்தியையும் பல நாள் அடுத்தடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு இதில் கூடுதலாக வெட்கப்படக் காரணம் உண்டு. நான் 1981இல் டெலிகிராபிஸ்டாக வேலைக்குச் சேர்ந்தவன். தந்தி என்றாலே வாசலில் அழுகுரல் எழும் காலம் அது. 'ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி' என்ற நான்கு சொற்களை எத்தனையோ வீடுகளுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் எந்தத் தந்தியும் அந்த நான்கு சொற்களோடு மட்டும் வந்ததில்லை. செய்திக்கு மேலே ஒரு தலைவரி இருக்கும்: எந்த அலுவலகத்திலிருந்து புறப்பட்டது, என்ன தேதி, எத்தனை மணிக்கு ஒப்படைக்கப்பட்டது, மொத்தம் எத்தனை சொற்கள். வாங்குகிற முனையில் இருப்பவர் சொற்களை எண்ணுவார். ஒன்று குறைந்தாலும் மறுமுனையைக் கூப்பிட்டுத் திரும்ப வாங்குவார். தலைவரி இல்லாத காகிதத்தை எந்த அலுவலகமும் தந்தி என்று ஏற்காது. 2013 ஜூலையில் அந்தச் சேவையை மூடிய நாளில் அலுவலகத்தில் கூட்டமாக நின்று படம் எடுத்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். இரண்டே ஆண்டுகளில், புறப்பட்ட இடமும் தேதியும் நேரமும் இல்லாத ஒரு துண்டைக் கையெழுத்துப் போடாத குறையாக நூறு வீடுகளுக்கு நானே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தேன். நூறு என்பது கணக்குக்காகச் சொன்னதல்ல. அப்போது ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் 100 பேர்தான் இருக்க முடியும், எங்கள் குழு நிரம்பியிருந்தது.

அதன்பிறகு குழுவுக்கு ஒரே ஒரு விதியை வைத்தேன். எந்தச் செய்தியைப் போட்டாலும் யார் பார்த்தது, எங்கே, எத்தனை மணிக்கு என்ற மூன்றும் இருக்க வேண்டும். போடுகிறவர் தானே பார்த்திருந்தால் 'நான் பார்த்தேன்' என்று எழுத வேண்டும். இன்னொருவர் சொன்னதென்றால் அவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசிவிட்டு, பேசியதையும் எழுத வேண்டும். இந்த விதியைச் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் ஆனது. பழக்கத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆயின. 2016இல் உறுப்பினர் வரம்பு 256 ஆக உயர்ந்தபோது பக்கத்துத் தெருக்களும் சேர்ந்துகொண்டன. புதிதாக வந்தவர்களுக்கு நான் ஒரு கண்டிப்பான பள்ளிக்கூட வாத்தியாராகத் தெரிந்திருப்பேன். அதைப் பற்றி வருத்தமில்லை.

விதி முதல்முறை வேலை செய்தது 2018இல், அதுவும் பாதிதான். அந்த ஆண்டு மே மாதம், குழந்தை கடத்தும் கும்பல் ஊருக்குள் வந்திருக்கிறது என்ற வதந்தி வட தமிழ்நாடு முழுவதும் கைப்பேசி வழியே பரவிக்கொண்டிருந்தது. குலதெய்வக் கோயிலுக்குப் போன, சென்னையைச் சேர்ந்த 65 வயதுப் பெண்மணி ஒருவர், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காக, திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கத்தில் அடித்தே கொல்லப்பட்டார். அதற்கு அடுத்த சில நாட்களில் ஒரு முற்பகலில் எங்கள் குழுவில் ஒரு படம் வந்தது. முதுகுப்புறத்திலிருந்து எடுத்தது. தோளில் போர்வை மூட்டையோடு ஓர் இளைஞர் நடந்துபோகிறார். கீழே இரண்டே சொற்கள்: "இவன்தான், உஷார்."

நான் உடனே மூன்று கேள்விகளையும் கேட்டேன். யார் பார்த்தது? எந்தத் தெரு? எத்தனை மணி? பதில் வரவில்லை, 'பிடித்துவையுங்கள்' என்று மூன்று பேர் எழுதினார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். பால் பூத்துக்கு எதிரில் பதினைந்து இருபது பேர் சூழ்ந்திருக்க, அந்த இளைஞர் மூட்டையைப் பிரித்து ஒவ்வொரு போர்வையாக உதறிக் காட்டிக்கொண்டிருந்தார். குழந்தை எதுவும் உள்ளே இல்லை என்று நிரூபிக்கிறாராம். அவர் கை நடுங்கியதில் போர்வைகள் மண்ணில் விழுந்தன. நல்வாய்ப்பாக எங்கள் எதிர் வீட்டு அக்கா அந்த வழியாக வந்தார். "இந்தப் பையன் மூணு வருஷமா வர்றான். எங்க வீட்டுல இருக்கிற மெத்தை விரிப்பெல்லாம் இவன்கிட்ட தவணையில வாங்கினதுதான்" என்று உரத்த குரலில் சொன்ன பிறகே கூட்டம் தளர்ந்தது.

படத்தைப் போட்டவர் அதை அழித்துவிட்டார். ஆனால் அதற்குள் அது வேறு எத்தனை குழுக்களுக்குப் போயிருந்தது என்று எவருக்கும் தெரியாது. மாலையில் சேலையூரிலிருந்து என் அக்கா மகள் அதே படத்தை எனக்கே அனுப்பி, "மாமா, உங்க ஏரியாவாமே, ஜாக்கிரதை" என்று எழுதியிருந்தாள். அந்த இளைஞர் அதன்பின் எங்கள் தெருப் பக்கம் வரவில்லை. வசூலாக வேண்டிய தவணைப் பணத்தை அப்படியே விட்டுவிட்டார்.

அந்த ஜூலையில்தான் வாட்ஸ்ஆப், பகிரப்பட்ட செய்திகளுக்கு மேல் அம்புக்குறி போட்ட ஓர் அடையாளத்தைக் கொண்டுவந்தது. இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர முடியாதபடி கட்டுப்பாடும் வைத்தது. 2019இல், ஐந்து முறையோ அதற்கு மேலோ கைமாறிவந்த செய்திகளுக்கு இரட்டை அம்புக்குறி வந்தது. 2020 ஏப்ரலில், அவற்றை ஒரு நேரத்தில் ஒரே ஓர் உரையாடலுக்கு மட்டும் அனுப்பலாம் என்ற வரம்பும் வந்தது. இரட்டை அம்புக்குறியோடு வரும் எதையும் நான் குழுவுக்குள் விடுவதில்லை. அதே சமயம் அம்புக்குறி இல்லை என்பதை நற்சான்றிதழாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. செய்தியை நகலெடுத்துப் புதிதாக ஒட்டி அனுப்பினால் அம்புக்குறி மறைந்துவிடும். வதந்தி அனுப்புகிறவர்களில் பழகியவர்கள் அப்படித்தான் அனுப்புகிறார்கள். நம் நண்பர் எழுதும் நடைக்குச் சம்பந்தமில்லாத நீண்ட, தூய, ஆச்சரியக்குறிகள் நிறைந்த தமிழில் ஒரு செய்தி அவர் பெயரில் வந்தால், அம்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அவர் எழுதியதல்ல.

படங்களுக்கும் காணொளிகளுக்கும் நான் கையாளும் முறை எளியது. படம் என்றால், படத்தைக் கொண்டே இணையத்தில் தேடித் தரும் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் அதன் பழைய பிறப்பிடம் கிடைத்துவிடும். காணொளி என்றால் முதலில் பேச்சைக் கேட்காமல் ஒலியை நிறுத்திவிட்டு, பின்னணியைப் பார்ப்பேன். வாகன எண்பலகை எந்த மாநிலத்தது, கடைப் பெயர்ப்பலகை எந்த மொழியில் இருக்கிறது, பேருந்து என்ன நிறம், ஆட்கள் மழைச்சட்டை போட்டிருக்கிறார்களா வியர்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று பார்த்தால், 'நேற்று தாம்பரத்தில்' என்று வந்ததில் பாதிக்கு மேல் வேறு ஊரில், வேறு பருவத்தில் எடுத்ததாக இருக்கும். குரலை யார் வேண்டுமானாலும் மேலே ஒட்டிவிடலாம். எண்பலகையை மாற்ற அவர்கள் மெனக்கெடுவதில்லை.

இது நமக்கு மட்டும் நேர்வதில்லை என்பதை 2023 மார்ச்சில் பார்த்தேன். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகச் சொல்லும் காணொளிகள் அங்கே பரவின. அவை பொய்யானவை என்று தமிழ்நாட்டுக் காவல்துறை விளக்கம் அளித்தது. எங்கள் தெருவில் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் டைல்ஸ் போடும் பீகார் இளைஞர் ஒருவர் தன் கைப்பேசியை என்னிடம் காட்டினார். அவருடைய அம்மா ஒரே இரவில் பதினோரு முறை அழைத்திருந்தார். 'இங்கே ஒன்றுமில்லை' என்று மகன் எத்தனை முறை சொல்லியும், பயமுறுத்தி அப்படிச் சொல்ல வைக்கிறார்கள் என்று அந்த அம்மா நம்பவில்லையாம். கடைசியில் அவர் வீடியோ அழைப்பில் தெருவை, டீக்கடையை, கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவரைக் காட்டி, என்னையும் ஒரு வணக்கம் போடச் சொன்னார். எனக்கு இந்தி தெரியாது. கைகூப்பினேன். யார் பார்த்தது, எங்கே, எப்போது என்பதற்கு அதைவிட நேரான பதில் எதுவும் கிடையாது என்று தோன்றியது.

இனி ரத்தச் செய்திக்கு வருகிறேன். 'ஓ நெகட்டிவ் ரத்தம் அவசரத் தேவை, அறுவைச் சிகிச்சை, கீழ்க்காணும் எண்ணை அழைக்கவும்' என்று ஒரு செய்தி 2019இல் குழுவில் வந்தது. மருத்துவமனைப் பெயர் இருந்தது, எண் இருந்தது. நல்ல காரியம்தானே என்று பலரும் மறுபகிர்வு செய்யத் தொடங்கினார்கள். விதிப்படி நான் அந்த எண்ணை அழைத்தேன். எடுத்தவர் என் கேள்வியை முழுதாகக் கேட்கவில்லை. "அண்ணா, அது முடிஞ்சு மூணு வருஷம் ஆகுது. அப்பா அப்பவே தவறிட்டார். தினமும் நாலு பேர் கேக்கறாங்க" என்றார். மன்னிப்புக் கேட்டேன். அவர், "பரவாயில்லைண்ணா, நீங்களாவது அனுப்பறதுக்கு முன்னாடி கேட்டீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று முதல் உதவி கேட்கும் எந்தச் செய்திக்கும் முடிவு நேரம் போட வேண்டும் என்று வைத்தோம். "இன்று 14ஆம் தேதி இரவு 8 மணி வரை" என்று இருந்தால், நாளை எவர் கைக்கு அது போனாலும் அதோடு நின்றுவிடும். தேவை நிறைவேறியதும் கேட்டவரே அதே செய்திக்குக் கீழே 'முடிந்தது' என்று எழுத வேண்டும். காணாமல்போன குழந்தை, தொலைந்த சான்றிதழ், வாடகை வீடு எதுவானாலும் இதே முறைதான். இந்த ஒரு மாற்றம் மட்டும் எங்கள் குழுவில் பழைய செய்திகள் பேயாகச் சுற்றுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது என்று சொல்வேன்.

காலை வணக்கங்களில் நான் தோற்றுப்போனேன். ரோஜாப்பூ, சூரிய உதயம், முருகன் படம், அதன்மேல் ஒரு பொன்மொழி என்று நாளுக்கு நாற்பது படங்கள் வந்துகொண்டிருந்த காலத்தில், தண்ணீர் லாரி வரும் நேரத்தைச் சொன்ன செய்தி அவற்றுக்கடியில் புதைந்துபோனது. வணக்கங்களுக்குத் தடை போட்டேன். ஒரே வாரத்தில் ஐந்து மூத்தவர்கள் குழுவைவிட்டு விலகினார்கள். அவர்களில் ஒருவரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீட்டுக்கு வந்து, "நாலு பேருக்குப் பூப்படம் அனுப்பினாத்தான் எனக்குப் பொழுது விடியுது. அதைக் குப்பைன்னு சொல்றீங்க" என்று வருத்தப்பட்டார். தந்திக் காலத்தில் வாழ்த்துகளுக்கென்று எண்கள் உண்டு. எண்ணை மட்டும் அனுப்பினால் போதும், அங்கே முழு வாழ்த்து வாக்கியமாக எழுதிக் கொடுப்பார்கள். காசு குறைவாக இருந்தபோதும் சனங்கள் வாழ்த்துவதை விட்டுவிடவில்லை. அதை நான் மறந்திருந்தேன்.

ஆகவே குழுவை இரண்டாகப் பிரித்தோம். 'அறிவிப்பு' என்ற குழுவில் அட்மின்கள் நால்வர் மட்டுமே எழுத முடியும், மற்றவர்கள் படிக்கலாம். 'திண்ணை' என்ற குழுவில் யாரும் எதையும் பேசலாம்: வணக்கம், கோயில் திருவிழாப் படம், பழைய பாட்டு, அரசியல் சண்டைகூட. 'அறிவிப்பு' சத்தத்தோடு ஒலிக்கட்டும், 'திண்ணை'யை மௌனத்தில் வைத்துவிட்டு ஓய்வு நேரத்தில் போய் உட்காருங்கள் என்று எல்லோருக்கும் சொன்னோம். விலகிய ஐவரும் திரும்பினார்கள். இரண்டாகப் பிரிப்பதை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

பிரிவினைக்கு உடனடிக் காரணமாக அமைந்த ஒரு சம்பவத்தையும் சொல்லிவிடுகிறேன். காலையில் ஒருவருக்குப் பிறந்தநாள் வாழ்த்துகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அதற்கு நடுவில் இன்னொருவர் தன் தந்தையார் இயற்கை எய்திய செய்தியையும் தகன நேரத்தையும் போட்டார். அதற்கு நேர் கீழே, மேலே வந்ததைப் பார்க்காத ஒருவரிடமிருந்து, கேக் படத்தோடு, "மனமார்ந்த வாழ்த்துகள்! இந்நாள்போல் எந்நாளும் இனிதாக அமையட்டும்!" என்று விழுந்தது. பாவம், அவர் இரண்டு மாதம் தெருவில் தலைகாட்டவில்லை. யாருக்குப் பதில் சொல்கிறோமோ அந்தச் செய்தியை விரலால் வலப்பக்கம் இழுத்து, அது மேற்கோளாக வந்த பிறகு எழுதுங்கள் என்று அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு நான் வீடுவீடாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தது அதற்குப் பிறகுதான்.

2022இல் எங்கள் குழுவில் திருட்டும் நடந்தது. எல்லோரும் 'டீச்சரம்மா' என்று அழைக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் பெயரில், அவசரமாகப் பத்தாயிரம் ரூபாய் தேவை, மாலையில் திருப்பித் தருகிறேன் என்று பலருக்கும் தனித்தனியாகச் செய்தி போயிற்று. இருவர் பணம் அனுப்பிவிட்டார்கள். மூன்றாமவர் அனுப்பவில்லை, அவர் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. "டீச்சரம்மா எப்பவும் தமிழ் எழுத்துலதான் எழுதுவாங்க, வாக்கியம் முடிஞ்சா புள்ளி வைப்பாங்க. இது இங்கிலீஷ் எழுத்துல, புள்ளியில்லாம வந்துச்சு." அவர் டீச்சரம்மாவைத் தொலைபேசியில் அழைத்த பிறகுதான் விஷயம் வெளிவந்தது. முந்திய நாள், டீச்சரம்மாவுக்குத் தெரிந்த ஒருவரின் கணக்கிலிருந்து, "தவறுதலாக உங்களுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வந்திருக்கும், அனுப்புங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். அந்த ஆறு இலக்க எண் அவருடைய வாட்ஸ்ஆப் கணக்கை வேறொரு கைப்பேசியில் திறக்கும் சாவி. தெரிந்தவர் கேட்கிறாரே என்று கொடுத்துவிட்டார்.

அப்போது செய்தவற்றை அப்படியே எழுதுகிறேன். டீச்சரம்மாவின் கைப்பேசியில் வாட்ஸ்ஆப்பைத் திறந்து அவருடைய எண்ணை மீண்டும் பதிவு செய்தோம். புதிய ஆறு இலக்க எண் குறுஞ்செய்தியில் வந்ததும் அதைப் போட்டவுடன் திருடனின் கைப்பேசியிலிருந்து கணக்கு வெளியேறிவிட்டது. குறுஞ்செய்தியில் வரும் எண்ணுக்கு மேல் கூடுதல் பூட்டாக நாமே வைத்துக்கொள்ளும் இரட்டைச் சரிபார்ப்புக் கடவுஎண்ணைத் திருடன் இதற்குள் தானே வைத்திருந்தால் நாம் உள்ளே நுழைய ஏழு நாள் காத்திருக்க வேண்டியிருக்கும்; அப்போதும் அவன் வெளியேற்றப்பட்டுவிடுவான் என்பதால் புதிய எண்ணைப் போடுவதைத் தள்ளிப்போடக் கூடாது. பணம் அனுப்பிய இருவரில் ஒருவர் அரை மணி நேரத்துக்குள் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்தார். அவருடைய பணம் இடையிலேயே நிறுத்தப்பட்டுச் சில வாரங்களில் திரும்பியது. மற்றவர் வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள்தான் சொன்னார். அது போனது போனதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை சங்க அலுவலகத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, வந்தவர்கள் ஒவ்வொருவரின் கைப்பேசியிலும் அந்தக் கடவுஎண்ணை வைத்துக்கொடுத்தோம். எண்ணைத் தாளில் எழுதி கைப்பேசி உறைக்குள்ளேயே வைத்துக்கொண்டவர்களும் உண்டு. ஒன்றும் இல்லாததற்கு அது மேல்.

அட்மினாக இருப்பது சட்டப்படி ஆபத்தானதா என்று பலர் கேட்கிறார்கள். உறுப்பினர் போட்ட பதிவுக்காக, அட்மின் என்ற காரணத்தினால் மட்டும் ஒருவர்மீது வழக்குத் தொடர முடியாது என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் ஒரு வழக்கில் கூறியிருக்கிறது. எனக்கு அது ஆறுதலாக இருந்தாலும், அதை நம்பிக்கொண்டு நான் தூங்கிவிடுவதில்லை. வாட்ஸ்ஆப் செய்திகள் இரு முனைகளுக்கு நடுவே மறையாக்கம் செய்யப்பட்டவை. நிறுவனமே அவற்றைப் படிக்க முடியாது. ஃபேஸ்புக்கில் ஒரு பொய் கண்ணில் பட்டால் புகார் செய்யலாம், எங்கோ ஒருவர் பார்ப்பார். இங்கும் புகார் செய்யலாம்; ஆனால் உடனே பார்ப்பதற்கு அட்மினைத் தவிர ஆளில்லை. 2022இல்தான் பிறர் போட்ட செய்தியை எல்லோருக்குமாக அழிக்கும் வசதி அட்மின்களுக்கு வந்தது. அது 2018இல் இருந்திருந்தால் அந்தப் போர்வைக்காரரின் படம் இன்னும் பத்து நிமிடம் முன்னதாக மறைந்திருக்கும். நான் அதைப் பயன்படுத்தும்போது அழித்ததற்கான காரணத்தையும் கீழே எழுதிவிடுகிறேன். சொல்லாமல் அழித்தால் அதுவே இன்னொரு வதந்திக்கு விதையாகிறது.

மழை பற்றிய செய்திகளுக்கு இப்போது நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு வேறு. வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையையும், 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜானின் பக்கத்தையும் அட்மின்களில் ஒருவர் நேரடியாகப் போய்ப் படித்துவிட்டு, படித்த நேரத்தைக் குறிப்பிட்டு இரண்டு வரியில் எழுதுவார். 'வெதர்மேன் சொன்னது' என்று பிறர் அனுப்பும் படங்களை ஏற்பதில்லை. மூன்று நாள் பழைய எச்சரிக்கை புதிய மழைக்கு ஒட்டப்பட்டு வருவதைப் பலமுறை பார்த்துவிட்டோம். ஆற்று நீர்மட்டத்துக்கு ஆதனூர்ப் பக்கம் குடியிருக்கும் ஒரு பால்காரத் தம்பிதான் எங்கள் ஆதாரம். பாலத்துத் தூணில் சங்கம் அடித்த வெள்ளை வண்ணக் கோடுகளில் எந்தக் கோடுவரை தண்ணீர் நிற்கிறது என்று அதிகாலை நான்கரைக்கு ஒரு படம் அனுப்பிவிடுவார். படத்தில் அவருடைய சைக்கிள் கைப்பிடியும் தெரியும்.

2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் அந்தக் கோடுகள் எல்லாம் மூழ்கின. கடைசிப் படம் காலையில் வந்தது. அதன்பின் மின்சாரமும் போய், கைப்பேசிக் கோபுரங்களும் ஒவ்வொன்றாக நின்று, முற்பகலுக்குள் இரண்டு குழுக்களும் வாயடைத்துப்போயின. எட்டு ஆண்டுகளாகப் பழக்கிய விதிகள் எல்லாம் சார்ஜ் இல்லாத கைப்பேசிகளுக்குள் இருந்தன. முதியவர்கள் தனியாக இருக்கும் வீடுகள் எவை, எந்த வீட்டில் படுக்கையில் நோயாளி இருக்கிறார் என்ற பட்டியலும் அறிவிப்புக் குழுவில்தான் இருந்தது. நினைவிலிருந்து எடுத்து ஒரு பழைய நோட்டில் எழுதிக்கொண்டு, இளைஞர்கள் நால்வரை நான்கு தெருக்களுக்கு அனுப்பினோம். இரண்டு வீடுகளை மறந்துவிட்டோம்; ஒன்றில் ஒரு தம்பதியர் இரண்டு நாள் பிஸ்கட்டைத் தின்றே ஓட்டியிருக்கிறார்கள்.

இப்போது ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் கடைசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, அந்தப் பட்டியலை அச்சடித்து நான்கு இடங்களில் வைக்கிறோம்: சங்க அலுவலகம், மளிகைக் கடை, பால் பூத், பிள்ளையார் கோயில் அர்ச்சகர் வீடு. வீட்டு எண், குடியிருப்பவர் பெயர், இரண்டு தொலைபேசி எண்கள், வெளியூரில் இருக்கும் பிள்ளையின் எண், சரிபார்த்தவர் யார், எந்தத் தேதியில் என்று ஆறு கட்டங்கள். இந்த முறை 146 வீடுகளுக்கும் நேரில் போய்ச் சரிபார்த்ததில் ஏழு எண்கள் தவறாக இருந்தன. அவற்றில் ஒன்று என் வீட்டுத் தரைவழித் தொலைபேசியின் எண். அந்த இணைப்பை நான் ஒப்படைத்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன.